வாசலில் கொடுத்துவிட்ட சாப்பாடு

அந்த வீட்டுக்குள் போவதற்கு இப்போது டிக்கெட் எடுக்கவேண்டும். அந்தக் காலத்தில் ஆட்களைக் காசில்லாமலே உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே வருவதற்குத்தான் வழி இருக்கவில்லை.

வீடு கீரிமலைக்குப் போகிற பக்கம் இருக்கிறது. சுன்னாகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கிக் கொஞ்சத் தூரம் நடக்கவேண்டும். ஒல்லாந்தர் போட்ட அத்திவாரத்தின் மேல் ஒரு புகையிலை முதலாளி எழுப்பிய வீடு என்று சொல்வார்கள். சுவர் முழுக்கக் கடலில் வெட்டின முருகைக்கல். சின்ன வயதில் கீரிமலைக்குக் குளிக்கப் போகும்போதெல்லாம் அதன் பெரிய கேற்றைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். அப்போது அங்கே முதலாளியின் பேரன்மார் இருந்தார்கள். சண்டை வந்ததும் அவர்கள் கனடாவுக்குப் போனார்கள். சண்டைக்காரர் வீட்டுக்குள் போனார்கள். ஒரு கூட்டம் போக இன்னொரு கூட்டம் வந்து இருந்தது. எந்தக் கூட்டம், எந்த வருசம் என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் என் பிள்ளைகள் ஏசுவார்கள். எங்களைப் போல வாசலில் நின்ற பெண்களுக்கு எல்லாக் கூட்டமும் ஒன்றுதான். ஒரு மண்மூட்டைக் காவலரண், அதற்குள் ஒரு துவக்கு, துவக்குக்குப் பின்னால் ஒரு பெடியன்.

அந்த வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி என் மச்சாள், என் தம்பியின் மனைவி. நான் அவளை மச்சாள் என்பேன், அவளும் என்னை மச்சாள் என்பாள். படலைக்கு வெளியே நின்று கேட்பவர்களுக்கு ஒரே ஆள் தனக்குத்தானே பதில் சொல்வது போல இருக்கும். என் தம்பியை அந்த வீட்டுக்குள் கொண்டுபோனபோது அவளுக்கு வயிற்றில் பிள்ளை. அந்தப் பிள்ளைக்குத்தான் இப்போது கலியாணம்.

அழைப்பிதழ் அடிக்கக் கொடுத்தபோதுதான் வில்லங்கம் தொடங்கியது. பெண்ணின் தகப்பன் பெயருக்கு முன்னால் என்ன போடுவது? உயிரோடு இருந்தால் ‘திரு’ என்று போடலாம். செத்திருந்தால் ‘காலஞ்சென்ற’ என்று போடலாம். எங்கள் தம்பியைப் போன்றவர்களுக்கு மூன்றாவதாக ஒரு சொல் இருக்கிறது. அரசாங்கத்துக் கடுதாசிகளிலும், தெருவோரக் கொட்டகைகளில் தாய்மார் மடியில் வைத்துக்கொண்டிருக்கிற படங்களிலும் அந்தச் சொல்லைப் பார்க்கலாம். ஆனால் ‘காணாமல்போன இன்னாரின் ஏக புத்திரி’ என்று ஒருவரும் கலியாண அழைப்பிதழ் அடித்ததில்லை. பிள்ளையார் படத்துக்குக் கீழே அந்தச் சொல்லை வைக்க முடியாது.

மாப்பிள்ளையின் தாய் நல்ல மனிசி. நல்ல மனிசிகளால்தான் கரைச்சல் கூட, அவர்களோடு சண்டை பிடிக்க முடியாது. அவர் போன் எடுத்து, குரலைத் தாழ்த்தி, நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள், நாங்கள் ஒன்றும் வற்புறுத்தவில்லை, ஆனால் தாரை வார்க்கிறது யார், ஆலாத்தித் தட்டு எடுக்கிறது யார் என்பதெல்லாம் அதைப் பொறுத்துத்தானே இருக்கிறது என்றார். சரிதான். ‘திரு’ என்று போட்டால் ஆள் எங்கே என்று சபை தேடும். ‘காலஞ்சென்ற’ என்று போட்டால் மச்சாளின் நெற்றிப் பொட்டையும் கழுத்துத் தாலியையும் சபை பார்க்கும். இத்தனை வருசமும் அவள் இரண்டையும் கழற்றவில்லை. கழற்றச் சொல்லுவதற்கு ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மச்சாளின் மகள் படித்த பிள்ளை. அம்மா என்ன சொல்கிறாவோ அதைப் போடுவோம் என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டது. அச்சகக்காரர் வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுப்பதாகச் சொன்னார். மச்சாள் என் குசினிக்கு வந்து, நான் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தில் பாதியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு உரித்தாள். மூன்றாவது வெங்காயத்தில் சொன்னாள்.

“என்ரை கையாலை அவரைச் சாகக் குடுக்கச் சொல்லினம், மச்சாள்.”

எதற்கும் என்னிடம் ஒரு பகிடி இருக்கும். அன்றைக்கு இல்லை. வெங்காயம் வசதியாக இருந்தது, ஏன் கண் கலங்குகிறது என்று ஒருவரையொருவர் கேட்கத் தேவையில்லை.

என் மனிசன் சீனி வருத்தத்தில் கட்டிலில் கிடந்து செத்தவர். எந்தப் பக்கம் தலை வைத்துக் கிடந்தார் என்று எனக்குத் தெரியும், கடைசியாக என்ன கேட்டார் என்றும் தெரியும். தேத்தண்ணி கேட்டார், சீனி போட்டு. எட்டாம் நாள் எட்டுச்செலவு செய்தோம். எட்டுச்செலவு என்றால், செத்தவருக்கு விருப்பமான சாப்பாடெல்லாம் காய்ச்சி வாழையிலையில் படைத்து, அவர் சாப்பிட்டு எழும்பும்வரை காத்திருந்து, பிறகு சொந்தக்காரர் எல்லாரும் பகிர்ந்து சாப்பிடுவது. அவருக்குக் கணவாய்க் கறியும் சுருட்டும் வைத்தோம். டாக்குத்தர் மறித்து வைத்திருந்த லட்டையும் நான் வைத்தேன், இனி என்ன செய்யப் போகிறது என்று. சாம்பலைக் கீரிமலையில் கரைத்தோம். அன்று மச்சாள் எனக்குப் பக்கத்தில் இருந்து, உங்களுக்கு எல்லாம் தெரியும் மச்சாள் என்று மெல்லச் சொன்னாள். ஆறுதல் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்த பிறகுதான் அது பொறாமை என்று விளங்கியது. தாலியறுத்தவளைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒருத்தியை நான் வேறெங்கும் காணவில்லை.

என் தம்பியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவனுக்கு உறைப்பு ஆகாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, மிளகாய்த் தோட்டம் செய்து, மிளகாய் சாப்பிடாதவன் அவன் ஒருத்தன்தான். சுன்னாகம் சந்தைக்குச் செத்தல் மிளகாயை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போவான். வீட்டில் கறிக்குள் கொஞ்சம் தூள் கூடினால் விக்கல் எடுத்து, கண்ணாலும் மூக்காலும் தண்ணி வடிய எழும்பி ஓடுவான். வயிற்றில் புண். தன் சரக்கில் தனக்கே நம்பிக்கையில்லாத வியாபாரி என்று நான் பழிப்பேன். கலியாணம் பேசும்போதே பெண் வீட்டாருக்குச் சொன்னேன், சீதனம் என்ன தந்தாலும் தாருங்கள், மிளகாய்த்தூள் மட்டும் தரவேண்டாம் என்று. மச்சாள் வந்த நாளிலிருந்து அவனுக்கு எல்லாம் வெள்ளைக்கறிதான். தேங்காய்ப்பால், வெந்தயம், வெங்காயம், கொஞ்சம் கறிவேப்பிலை. முருங்கைக்காயைப் பாலில் வைத்தால் அவன் இரண்டு கோப்பை சோறு சாப்பிடுவான்.

சந்தையால் திரும்பி வரும்போது அவனைச் சைக்கிளோடு மறித்துக் கொண்டுபோனார்கள். இந்த வீட்டுக்குள்தான் கொண்டுபோனது என்று கண்டவர்கள் வந்து சொன்னார்கள். அடுத்த நாள் விடிய மச்சாள் சமைத்து, சாப்பாட்டுக் கரியரில் அடுக்கி எடுத்துக்கொண்டு வந்தாள். நான் சைக்கிள் உழக்க, அவள் பின்னால் இருந்து ஒரு கையால் என்னையும் மற்றக் கையால் கரியரையும் பிடித்துக்கொண்டாள். வாசலில் நின்றவன் தம்பி இருக்கிறான் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கரியரைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினான். மத்தியானம் கரியர் வெறுமையாகத் திரும்பி வந்தது, நன்றாகக் கழுவி. மச்சாள் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். சாப்பிட்டிருக்கிறார் என்றாள்.

அதன்பிறகு அது ஒரு வேலை போல ஆகிவிட்டது. விடியச் சமைப்பது, கொண்டுபோய்க் கொடுப்பது, வாசலருகே மதிலோரம் நின்ற வேம்புக்குக் கீழே மற்றப் பெண்களோடு இருப்பது, வெறுங் கரியரை வாங்கிக்கொண்டு வருவது. சில பெண்களின் சாப்பாட்டை வாங்கமாட்டார்கள். அவர்கள் எங்களைப் பார்க்கிற பார்வையைத் தாங்க முடியாது. எங்கள் கரியரை வாங்குகிறார்கள் என்றால் எங்கள் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். அப்படித்தான் நாங்கள் எல்லாரும் வைத்திருந்தோம்.

கொஞ்ச நாள் போனதும், வாசலில் நின்றவன் கரியரைத் திருப்பித் தரும்போது, கறியில் உறைப்பு காணாதாம் என்று சொல்லிவிட்டான்.

மச்சாள் தலையை ஆட்டினாள். நான் சைக்கிளைத் திருப்பினேன். அடுத்த நாள் விடியற்காலையில் உரல் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். மச்சாள் செத்தல் மிளகாயை அள்ளிப் போட்டு இடித்துக்கொண்டிருந்தாள், தும்மித் தும்மி. அன்று போன கறி இரத்தம் மாதிரிச் சிவந்திருந்தது. என் தம்பி அதைத் தின்றிருந்தால் ஒருவரும் சுடத் தேவையில்லை, விக்கியே செத்திருப்பான். பாவம், வயிற்றுப் பிள்ளைக்காரி, ஆசை கண்ணை மறைக்கிறது, இவளுக்கு நான் எதற்குச் சொல்லவேண்டும் என்று இருந்துவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் சிவந்த கறி போனது, கழுவின கரியர் வந்தது.

பிறகு ஒரு நாள் வாசலில் வேறு ஒருத்தன் நின்றான். அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்றான். கையை நீட்டவில்லை. திரும்பி வரும் வழி முழுக்க, நிறைந்த கரியர் சைக்கிளை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே வந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் முழுவதையும் கம்பி வேலி போட்டு மறித்தார்கள். கனவருசம் ஒரு குஞ்சும் போக முடியவில்லை. மச்சாள் மனுவோடு அரசாங்கக் கச்சேரிக்குப் போனாள், கொட்டகைகளில் இருந்தாள், யார் யாரோ வந்து கேட்டதற்கெல்லாம் ஒரே கதையைச் சொன்னாள். கடைசியில் வேலியை எடுத்து வீட்டையும் விட்டார்கள். முதலாளியின் பேரன் ஒருத்தன் வந்து பழையபடி திருத்தினான். இப்போது அது பார்வையாளர் பார்க்கிற பாரம்பரிய வீடு. மேல்மாடியில் வெள்ளைக்காரர் தங்க அறைகளும் இருக்கின்றன.

புதன்கிழமை மச்சாள் சொன்னாள், அந்த வீட்டை ஒருக்காப் பார்த்துவிட்டு வந்து முடிவு சொல்கிறேன் என்று. என்னையும் கூட வரச் சொன்னாள். அடுத்த நாள் பஸ்ஸடியில் பார்த்தால் கையில் ஒரு பை. பைக்குள் அந்தப் பழைய கரியர், பிடி வளைந்தது.

ஆருக்குச் சாப்பாடு என்று கேட்டேன். போகிற இடத்தில் பார்ப்போம் என்றாள்.

கரியரோடு வாசலில் கொடுத்தால் அது உயிரோடு இருக்கிற ஆளுக்கு. இலையில் படைத்தால் செத்தவருக்கு. சோறும் கறியும் ஒன்றுதான், வைக்கிற விதம்தான் வேறு. பைக்குள் வாழையிலை இருக்கிறதா என்று பஸ் குலுக்கலில் சாய்வது போலச் சாய்ந்து பார்த்தேன். அவள் பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு யன்னலால் வெளியே பார்த்தாள். பஸ்ஸில் பாதிச் சனம் கீரிமலைக்குப் போகிறவர்கள், வேட்டியும் ஈரச் சீலைக்கு மாற்றுச் சீலையுமாக. அவர்களுக்கெல்லாம் செத்த யாருக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கப் போகிறோம் என்று தெரிந்திருந்தது.

வாசலில் மண்மூட்டைகள் இருந்த இடத்தில் ஓடு போட்ட சின்ன அறை ஒன்று கட்டியிருந்தார்கள். வேம்பு இல்லை. அந்த இடத்தில் வாகனம் நிறுத்தலாம் என்று பலகை போட்டிருந்தது. நீல உடுப்புப் போட்ட காவல்காரர் ஒருவர் வெளியே வந்தார். முடி பாதி நரைத்தவர். பையைப் பார்த்தார்.

“வெளிச் சாப்பாடு உள்ளுக்கு விடேலாது, அம்மா. அதை இஞ்சை தந்திட்டுப் போங்கோ, வரேக்கை எடுக்கலாம்.”

சொல்லிவிட்டுக் கையை நீட்டினார்.

மச்சாள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதே வாசல். நீட்டின கைதான் வேறு. அந்த மனிசனுக்கு என்ன தெரியும், நீட்டின கை நீட்டினபடியே நின்றது. நான் இடையில் புகுந்து, இந்த வாசலில் கொடுத்த சாப்பாடு ஒருநாளும் திரும்பி வந்ததில்லை, நீர் எந்த ஊர் என்று கேட்டேன். உடுப்பிட்டி என்றார். அப்படியென்றால் உடுப்பிட்டியாரை நம்பித் தருகிறோம் என்றேன். சிரித்தார். மச்சாள் பைக்குள் இருந்து கரியரை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைத் தன் அறைக்குள் ஆணியில் கொழுவினார்.

உள்ளே சுற்றிக் காட்டுவதற்கு ஒரு பெடிச்சி வந்தது. வெள்ளைச் சீலை, காதில் சின்னத் தோடு, பாடமாக்கின கதை. கதவுகள் தேக்கு. தூண்கள் முதிரை. நடு முற்றத்தில் விழுகிற மழைத் தண்ணி எந்த வழியால் கிணற்றுக்குப் போகிறது என்று காட்டியது. முதலாளி சாய்ந்திருந்த கதிரை, முதலாளி காசு பூட்டின பெட்டகம், முதலாளியின் மனிசி பல்லாங்குழி விளையாடின பலகை. முதலாளிக்கு எத்தனை மனிசி என்று கேட்டேன். ஒன்றுதான் என்று சொன்னது. இத்தனை பெரிய வீட்டுக்கு ஒன்று காணாதே என்றேன். பெடிச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த அறைக்குக் கூட்டிப்போனது. மச்சாள் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு அறையிலும் கூரையைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

சுவரில் படங்கள் வரிசையாக இருந்தன. முதலாளி, முதலாளியின் மகன், கார், குதிரைவண்டி, ஒரு வெள்ளைக்காரத் துரை. பிறகு ஒரு சின்ன இடைவெளி. அதற்குப் பிறகு பேரன் சிரித்துக்கொண்டு நாடா வெட்டுகிற படம். அந்த இடைவெளிக்கு முன்னால் நின்று பெடிச்சி சொன்னது:

“இடையிலை கொஞ்சக் காலம் வீடு பாவனையிலை இருக்கேல்லை.”

பாவனையில் இருக்கவில்லையாம், ஆள் புழங்கவில்லையாம். எங்கள் சைக்கிள் டயர் தேய்ந்த கணக்குக்கு அந்த வீட்டைப் போலப் பாவித்த வீடு இந்தக் குடாநாட்டிலேயே இல்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். மச்சாள் என் முழங்கையைப் பிடித்தாள். அவளே பெடிச்சியைக் கேட்டாள், ஆட்களை அடைத்து வைத்திருந்தது எந்த அறை என்று. விலை கேட்பது போலக் கேட்டாள்.

பெடிச்சி முன்னும் பின்னும் பார்த்தது. அதைப் பற்றிக் கதைக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், வருகிற ஆட்கள் கவலைப்படுவார்களாம் என்றது. நாங்கள் ஏற்கெனவே கவலைப்பட்டு முடித்துவிட்டோம் பிள்ளை, இனிப் புதிதாக ஒன்றும் வராது என்றேன் நான். அந்தப் பிள்ளைக்கு எங்கள் கலியாணப் பெண்ணின் வயதுதான் இருக்கும். பிறகு எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போய், புகையிலைச் சிப்பம் அடுக்கி வைத்த களஞ்சிய அறை என்று உரத்துச் சொல்லிவிட்டு, இதுதான் என்று ஊர்ச்சனம் சொல்கிறது என்று மெல்லச் சொன்னது. சொல்லிவிட்டு எங்களைத் தனியே விட்டுப் போனது.

நீளமான அறை. யன்னல் இல்லை, கூரையோடு சேர்த்துக் காற்று வரச் சின்ன ஓட்டைகள் மட்டும். இப்போது அது சாப்பாட்டுக் கடை. கண்ணாடி மேசைகள், மேசைக்கு மேசை ஒரு செவ்வரத்தம்பூ. சுவர் புது வெள்ளை. மச்சாள் உள்ளங்கையைச் சுவரில் வைத்து, அப்படியே தடவிக்கொண்டு ஒரு மூலையிலிருந்து மற்ற மூலை வரைக்கும் நடந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். அவள் எதையாவது கண்டுவிடுவாளோ என்று பயந்துகொண்டு வந்தவள் நான். ஒரு கீறல், ஒரு கறை, ஏதாவது. ஒன்றும் இல்லை. பயப்பட ஒன்றுமே இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவு வடிவாகத் துடைத்திருந்தார்கள்.

ஒரு மேசையில் போய் இருந்தோம். பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரச் சோடி சோறும் கறியும் சாப்பிட்டார்கள். அந்த மனிசனுக்கு உறைப்பு ஏறி விக்கல் எடுத்தது. மூக்குச் சிவந்து, கண்ணால் தண்ணி ஓட, கையால் காற்று விசுக்கினார். மனிசி சிரித்துச் சிரித்துத் தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். எங்கள் தம்பி விக்குவது அப்படியேதான். நானும் மச்சாளும் ஒருவரையொருவர் பார்க்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“மச்சாள்,” என்றாள் அவள். “அவர் ஒருநாளும் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிடேல்லை.”

இத்தனை வருசமாக அவளுக்குத் தெரியாமல் நான் பொத்தி வைத்திருந்த விசயத்தை எடுத்து அவள் என் முன்னால் வைத்தாள். உறைப்பு காணாது என்று சொன்ன அன்றைக்கே எனக்குத் தெரியும் என்றேன்.

“எனக்கு அதுக்கு முதலே தெரியும். முதல் நாளே கரியர் கழுவி வந்ததெல்லே. அவர் எந்தக் காலத்திலை ஒரு கோப்பை கழுவினவர்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. உண்மைதான், என் தம்பி தின்ற கோப்பையைத் தின்ற இடத்திலேயே விட்டுவிட்டு எழும்புகிறவன். எங்கள் அம்மா பழக்கின பழக்கம். சிரிப்பு நின்ற பிறகு கேட்டேன்.

“பேந்து ஏன் செத்தல் இடிச்சு இடிச்சுக் காய்ச்சினனி?”

அவள் பூவை எடுத்து மேசையின் மற்றப் பக்கம் வைத்தாள்.

“ஆரோ ஒருத்தன் திண்டான் தானே. அவன்ரை வயிறு நிறைஞ்சால் இவருக்கு ஒரு அடி குறையும் எண்டு நினைச்சன். அவனுக்கெண்டு பாத்துப் பாத்து ருசியாக் காய்ச்சினனான், மச்சாள். இவருக்குக்கூட அப்பிடிக் காய்ச்சினதில்லை.”

ஆசை கண்ணை மறைத்துவிட்டது என்று நான் பாவம் பார்த்த அந்தப் பெண், உரலுக்கு முன்னால் கண்ணை முழுக்கத் திறந்துகொண்டு நின்றிருக்கிறாள். பரிசாரகன் வந்து என்ன வேண்டும் என்று கேட்டான். ஒன்றும் வேண்டாம், எங்களுடைய சாப்பாடு வாசலில் இருக்கிறது என்றாள் மச்சாள்.

வாசலுக்கு வந்தோம். காவல்காரர் ஆணியிலிருந்து கரியரைக் கழற்றித் தந்தார். மச்சாள் அதைக் கையில் தூக்கிப் பாரம் பார்த்தாள், கடையில் கத்தரிக்காய் தூக்கிப் பார்ப்பது போல. திறந்து பார்க்கவில்லையோ என்று நான் அவரைக் கேட்டேன். மனிசனுக்கு முகம் சுருங்கிவிட்டது. மற்ற ஆட்களின் சாப்பாட்டை நான் ஏன் அம்மா திறக்கிறேன் என்றார். பகிடிக்குக் கேட்டேன் என்று சமாதானம் சொன்னேன். உண்மையில் அது பகிடி இல்லை.

“பாரம் அப்பிடியே கிடக்கு,” என்றாள் மச்சாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியாது.

அவள் தெருவுக்குப் போகவில்லை. மதிலோடு, வேம்பு நின்ற இடத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் நிழல் விழுந்த தரையில் குந்தினாள். பைக்குள் கையை விட்டு வாழையிலையை எடுத்தாள். இருந்திருக்கிறது, அடியில், ஈரத்துணி சுற்றி. இலையை விரித்துத் தண்ணி தெளித்தாள். கரியரின் மேல் அடுக்கைத் திறந்து சோறு வைத்தாள். இரண்டாவது அடுக்கைத் திறந்தாள்.

வெள்ளைக்கறி. முருங்கைக்காயும் பாலும். ஒரு துளி சிவப்பு இல்லை. அவனைக் கொண்டுபோனதற்குப் பிறகு அவள் அந்தக் கறியைக் காய்ச்சி நான் காணவில்லை.

இலையைத் தெற்குப் பார்க்க வைத்தாள். கை கூப்பிக்கொண்டு இருந்தாள். நானும் பக்கத்தில் குந்தினேன், முழங்கால் விடவில்லை, மதிலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். என் தம்பி அவசரமில்லாமல், ஆறுதலாகச் சாப்பிடுகிறவன். முருங்கைக்காயை ஒவ்வொன்றாகச் சப்பி, சக்கையைக் கோப்பை ஓரத்தில் அடுக்கி வைப்பான். நாங்கள் ஆறுதலாகக் காத்திருந்தோம். வெள்ளைக்காரச் சோடி எங்களைக் கடந்து போனது. அந்த மனிசனுக்கு இன்னும் விக்கல் நிற்கவில்லை. ஒரு காகம் மதிலில் வந்து இருந்தது. அதற்கு டிக்கெட் தேவையில்லை. மச்சாள் ஒரு பிடி எடுத்து வைக்க, இறங்கி வந்து தின்றது.

பிறகு அவள் மிச்சத்தைக் குழைத்து எனக்கு ஒரு பிடி தந்தாள். தான் ஒரு பிடி சாப்பிட்டாள். இலையில் ஒரு துண்டைக் கிழித்து, சோறும் கறியும் வைத்து, எழும்பிக் காவல்காரரிடம் கொண்டுபோனாள். படைத்த சாப்பாடு, வந்த இடத்தில் நிற்கிறவருக்கும் கொடுக்கவேண்டும். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவளின் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கினார். நின்றபடியே சாப்பிட்டார். வழித்துச் சாப்பிட்டு, இலையை மடித்தார்.

“நல்லாயிருக்கு, அம்மா,” என்றார். “கொஞ்சம் உறைப்பு காணாது.”

நான் மதிலைப் பிடித்த கையை விடவில்லை. மச்சாள் அவரை நன்றாக ஒருமுறை பார்த்தாள். கோபமில்லை.

“ஓம் தம்பி. இது வேறை ஆருக்கும் காய்ச்சினதில்லை. எங்கடை ஆளுக்குக் காய்ச்சினது.”

அங்கே இருந்த குழாயில் கரியரைக் கழுவினாள். ஒவ்வொரு அடுக்காகக் கழுவித் துடைத்தாள். பிறகு என் போனை வாங்கி மகளுக்கு எடுத்தாள். காலஞ்சென்ற என்று போடச் சொல்லு பிள்ளை என்றாள். பிறகு பிள்ளை ஏதோ கேட்டது. ஓம், சாப்பிட்டோம் என்றாள் மச்சாள்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. கரியர் அவளின் மடியில் இருந்து, குழிக்குக் குழி கடகடத்தது. சுன்னாகம் வரப் போகிறபோது என் பக்கம் திரும்பினாள். ஆலாத்தி யார் எடுப்பது என்று கேட்டாள். இருபத்தெட்டு வயது வரைக்கும் தனியே வளர்த்த பிள்ளைக்கு முன்னால் போய் நிற்க இனி அவளுக்கு இடமில்லை, அதைத்தான் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தவனை ஏசுவதற்கு நல்ல சொற்கள் என்னிடம் இருக்கின்றன, அச்சில் போட முடியாது.

“ஆரோ எடுக்கட்டும்,” என்றேன். “நீ என்னோடை பின்வரிசைக்கு வா. காத்தாடி அங்கைதான் பூட்டியிருக்கு. முன்னாலை நிக்கிறவை பட்டுச்சீலையோடை வேர்த்து ஒழுகிறதை நாங்கள் இருந்து பாப்பம்.”

அவள் சிரிக்கவில்லை. கரியரின் வளைந்த பிடியை நிமிர்த்தப் பார்த்தாள், அது நிமிரவில்லை.

“ரெண்டு கதிரை பக்கத்திலை பக்கத்திலை கிடைக்குமோ?” என்று கேட்டாள்.

நான் விடியவே போய்க் கைலேஞ்சி போட்டு இடம் பிடித்து வைக்கிறேன் என்றேன்.